கே2-18பி செய்தியைக் கேட்டு மகிழ்ந்தது தவறா?

உங்கள் கேள்வி நீளமானது. அதனால் மற்றவர்களுக்கும் விளங்கும்படி முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கிள்ளானில் வேலை பார்க்கிறீர்கள். மலேசியப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்தபின் அறிவியலை முறையாகப் படிக்கவில்லை, ஆனால் விண்வெளிச் செய்தி எது வந்தாலும் விடாமல் படிக்கிறீர்கள். 2025 ஏப்ரலில் கே2-18பி என்ற தூரத்துக் கோளில் உயிரின் அடையாளம் கிடைத்திருப்பதாகச் செய்தி வந்ததும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் உடனே பகிர்ந்தீர்கள். சில வாரங்களிலேயே வேறு விஞ்ஞானிகள் மறுத்தார்கள். உங்கள் மாமா அதை எடுத்துப் போட்டு, "இன்னிக்கு ஒண்ணு சொல்வாங்க, நாளைக்கு ஒண்ணு சொல்வாங்க, இதை நம்பி நீ வேற" என்று எழுதினார். கடைசியில் அங்கே உயிர் இருக்கிறதா இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அதற்கு முந்தைய வரிதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது: அறிவியல் படிக்காத ஒருவர் இந்த மாதிரிச் செய்தியில் எதை நம்புவது, எதற்கு மகிழ்வது?

நான் வேதியியல் படித்தவன். பெட்டாலிங் ஜெயாவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பல வருடங்கள் செம்பனை எண்ணெயைப் பரிசோதித்து வந்தேன். அகச்சிவப்பு நிறமாலைமானி என்ற கருவிதான் என் அன்றாட வேலை. வானியல் எனக்கும் ஆர்வத்தால் வந்ததுதான், தொழில் இல்லை. ஆனால் கே2-18பி விவகாரத்தின் அடிப்படை, எந்த வாயு எந்த அலைநீளத்தில் ஒளியை விழுங்குகிறது என்பது. அது என் பழைய வேலையேதான். தொலைநோக்கியின் உணர்கருவியிலிருந்து வரும் இரைச்சலை எப்படிக் கழிக்கிறார்கள் என்ற நுணுக்கத்தில் நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. அங்கே அந்தத் துறைக்காரர்கள் எழுதியதைப் படித்துத்தான் சொல்கிறேன்.

முதலில், யாரும் மறுக்காத விஷயங்கள். கே2-18 ஒரு செங்குறு விண்மீன். சிம்ம ராசியின் திசையில், 124 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. ஏப்ரல் மாதம் இரவு பத்து, பதினோரு மணிக்குக் கோலாலம்பூரில் நிமிர்ந்து பார்த்தால் ஏறக்குறைய நம் தலைக்கு நேர் மேலேதான் அந்தத் திசை. மகம் என்று நாம் சொல்லும் விண்மீனும் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. கே2-18 அதைவிடப் பல மடங்கு மங்கல், வெறும் கண்ணுக்குத் தெரியாது. அதைச் சுற்றும் கோளை 2015இல் கெப்ளர் தொலைநோக்கியின் தரவிலிருந்து கண்டுபிடித்தார்கள். பூமியைப் போல ஏறத்தாழ 2.6 மடங்கு விட்டம், எட்டரை மடங்கு நிறை, 33 நாளில் ஒரு சுற்று. கோளுக்கு வளிமண்டலம் இருக்கிறது. அதில் மீத்தேன் இருக்கிறது. 2023இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி கண்ட அந்த மீத்தேன், எத்தனை குழுக்கள் திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டாலும் அசையாமல் நிற்கிறது.

இதை எப்படி அளக்கிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கோள் தன் விண்மீனுக்குக் குறுக்கே போகும்போது விண்மீன் ஒளி சுமார் 0.3% குறைகிறது. அந்தச் சமயம் ஒளியின் ஒரு மெல்லிய கீற்று கோளின் வளிமண்டல விளிம்பைத் துளைத்துக்கொண்டு வரும். ஒரு வாயு குறிப்பிட்ட அலைநீளத்தை விழுங்கினால், அந்த அலைநீளத்தில் மட்டும் கோள் கொஞ்சம் பெரிதாகத் தெரியும், ஒளி இன்னும் கொஞ்சம் குறையும். அந்தக் 'கொஞ்சம்' மொத்த ஒளியில் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்கு, மிஞ்சிப்போனால் சில நூறு பங்கு. 124 வருடத்துக்கு முன் கிளம்பிய ஒளியில் அவ்வளவு சிறிய வித்தியாசத்தை அளக்க முடிகிறதே, எனக்கு இன்றும் அது மலைப்புதான். நீங்கள் மகிழ்ந்ததில் ஒரு பங்கு இதற்காக இருந்திருந்தால், அந்தப் பங்கை எந்த மறுப்புச் செய்தியும் தொடவில்லை.

சண்டை அடுத்த படியில் தொடங்குகிறது. கேம்பிரிட்ஜின் நிக்கு மதுசூதன் குழு 2025 ஏப்ரலில் வெளியிட்ட கட்டுரை, 6 முதல் 12 மைக்ரான் வரையிலான நடு அகச்சிவப்புத் தரவைப் பற்றியது. அதில் டைமெதில் சல்ஃபைடு, அல்லது அதன் உறவான டைமெதில் டைசல்ஃபைடு, அல்லது இரண்டுமே இருப்பதற்கான அறிகுறி தெரிகிறது என்றார்கள். பூமியில் டைமெதில் சல்ஃபைடு பெரும்பாலும் கடலில் மிதக்கும் நுண்பாசிகளிலிருந்து வருகிறது. கடற்கரையில் நமக்கு அடிக்கும் அந்த வாடையில் இதற்கும் பங்கு உண்டு. ஆகவே உயிர் என்ற சொல் உள்ளே வந்தது.

'அல்லது' என்ற இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒரு மூலக்கூறு அகச்சிவப்பை விழுங்குவது அதன் அணுப் பிணைப்புகள் அதிர்வதால். ஒரே மாதிரிப் பிணைப்பு உள்ள மூலக்கூறுகள் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுங்கும். ஆய்வுக்கூடத்தில் இதைத் தினமும் பார்த்திருக்கிறேன். கருவியின் படிகத்தில் ஒரு சொட்டுச் செம்பனை எண்ணெய் வைத்தால் 1745 பக்கத்தில் (இது அலையெண், ஒரு சென்டிமீட்டரில் எத்தனை அலை என்ற கணக்கு) உயரமாக ஒரு முகடு எழும். 2920, 2850 பக்கத்தில் இரட்டை முகடு. சொட்டைத் துடைத்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் வையுங்கள், அதே இடங்களில் அதே முகடுகள். சோயா எண்ணெய்க்கும் அப்படித்தான். மூன்று கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் காட்டினால் புதிதாக வேலைக்கு வந்தவருக்கு எது எதுவென்று சொல்லத் தெரியாது. எண்ணெயில் கட்டற்ற கொழுப்பு அமிலம் கூடியிருந்தால் அந்த உயரமான முகட்டின் ஓரத்தில், 1710 பக்கம், சின்னதாக ஒரு தோள் தெரியும். அந்தத் தோளை மட்டும் பார்த்து யாரும் சான்றிதழ் எழுதிவிடுவதில்லை. ஆல்கஹாலில் கரைத்து, ஃபினாஃப்தலீன் விட்டு, சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, இளஞ்சிவப்பு நிறம் மறையாமல் நிற்கும் வரை பார்த்து அமில அளவைத் தனியாகக் கண்டுபிடிப்போம். இரண்டு வெவ்வேறு வழியும் ஒத்துப்போனால்தான் நிம்மதி.

இன்னொன்று. எண்ணெய் வைக்கும் முன்பே வெறும் காற்றை ஒருமுறை அளந்து கழித்துக்கொள்ள வேண்டும். அளந்து முடித்தபின் யாராவது குனிந்து கருவிக்குப் பக்கத்தில் மூச்சு விட்டால் போதும், 2350 பக்கத்தில் கார்பன் டை ஆக்சைடின் இரட்டைத் திமில் எழுந்து நிற்கும். எண்ணெயில் அது இல்லை, நம் மூச்சில் இருந்தது. கைக்கெட்டும் தூரத்தில், என்ன சாமான் என்று தெரிந்து வைத்து அளக்கும் கருவியிலேயே இவ்வளவு கவனம் தேவைப்படுகிறது. என்னென்ன வாயு இருக்கிறது என்றே தெரியாத ஒரு வளிமண்டலத்தில், அதுவும் இவ்வளவு மங்கலான சைகையில், டைமெதில் சல்ஃபைடு என்று பெயர் சொல்வது எவ்வளவு கடினம் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு கந்தக அணுவா இரண்டா என்பதையே அந்தத் தரவால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதைக் கட்டுரையாளர்களே எழுதியிருக்கிறார்கள்.

இதே கோளில் இது முன்பும் நடந்திருக்கிறது. 2019இல் ஹபிள் தொலைநோக்கியின் தரவை வைத்து கே2-18பியில் நீராவி என்று இரண்டு குழுக்கள் அறிவித்தன, உலகம் முழுக்கச் செய்தி ஆனது. ஹபிள் பார்த்த 1.4 மைக்ரான் பக்கத்தில் நீராவியும் விழுங்கும், மீத்தேனும் விழுங்கும். ஜேம்ஸ் வெப் அகலமான அலைநீளத்தில் பார்த்தபோது அது மீத்தேன் என்று தெளிந்தது. யாரும் பொய் சொல்லவில்லை, முகடு அங்கே இருந்தது உண்மை. அதற்கு வைத்த பெயர்தான் மாறியது.

அடுத்து சிக்மா. 2025 கட்டுரை மூன்று சிக்மா என்று சொன்னது. தரவில் வெறும் இரைச்சல் மட்டும் இருந்தால், இப்படி ஒரு வடிவம் தற்செயலாக வர சுமார் 0.3% வாய்ப்பு என்பதே அதன் பொருள். இதைத் திருப்பிப் போட்டு, உயிர் இருக்க 99.7% வாய்ப்பு என்று எழுதினார்கள், எனக்கு வந்த பகிர்வுகளிலும் அப்படித்தான் இருந்தது. இது முழுத் தவறு. அந்த எண் உயிரைப் பற்றிப் பேசவே இல்லை. டைமெதில் சல்ஃபைடு தவிர வேறு வாயு இருக்கக்கூடுமா என்பதைப் பற்றியும் முழுமையாகப் பேசவில்லை. இயற்பியலில் கண்டுபிடிப்பு என்று சொல்ல ஐந்து சிக்மா கேட்பது வழக்கம். 2012 ஜூலை 4 அன்று செர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வகத்தில் ஹிக்ஸ் துகளை அறிவித்தபோது அந்த அளவு வந்திருந்தது. 2015 டிசம்பரில் அதே ஆய்வகத்தில் 750 கிகா எலக்ட்ரான் வோல்ட் பக்கம் ஒரு திமில் தெரிந்தது, நூற்றுக்கணக்கான கோட்பாட்டுக் கட்டுரைகள் எழுதப்பட்டன, 2016 ஆகஸ்டில் கூடுதல் தரவு வந்ததும் அது கரைந்துபோனது. மூன்று சிக்மா திமில்கள் வந்து போவது அந்தத் துறையில் சகஜம்.

எந்தெந்த மூலக்கூறுகளோடு ஒப்பிடுகிறோம் என்பதும் முடிவை மாற்றும். போலீஸ் அடையாள அணிவகுப்பில் நான்கு பேரை நிறுத்தி, "இவர்களில் யார்?" என்று கேட்டால் சாட்சி யாரையாவது காட்டுவார். நாற்பது பேரை நிறுத்தினால் அதே சாட்சி தடுமாறுவார். முதல் கட்டுரையில் ஏறத்தாழ 20 மூலக்கூறுகளோடு ஒப்பிட்டார்கள். பிறகு லூயிஸ் வெல்பாங்க்ஸ் முதலானோர் பட்டியலைச் சுமார் 90 ஆக்கியபோது பல மூலக்கூறுகள் அதே அளவுக்குப் பொருந்தின. கேம்பிரிட்ஜ் குழுவும் சும்மா இருக்கவில்லை. 650 மூலக்கூறுகளை வைத்துத் திரும்பப் பார்த்து, டைமெதில் சல்ஃபைடு இன்னமும் முன்வரிசையில் இருக்கிறது என்றார்கள், ஆனால் அந்த வரிசையில் இப்போது வேறு சிலவும் சேர்ந்து நின்றன. ஆக்ஸ்ஃபோர்டின் ஜேக் டெய்லர் இன்னும் எளிமையாக ஒரு கேள்வி கேட்டார்: இந்தப் புள்ளிகளுக்கு மேடு பள்ளமே வேண்டுமா, ஒரு நேர்கோடு போதாதா? நேர்கோடே ஏறக்குறைய நன்றாகப் பொருந்தியது. சிகாகோவில் ரஃபேல் லூக்கே குழு பழைய தரவையும் புதிய தரவையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது சைகை பலவீனமானது. என் வேலையில் ஊறியவன் என்ற முறையில் இந்த மறுப்புகள்தான் எனக்கு வலுவாகப் படுகின்றன.

சரி, நாளைக்கே டைமெதில் சல்ஃபைடு உறுதியானது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் உயிர் என்று சொல்லிவிட முடியாது. ரொசெட்டா விண்கலம் 67பி வால்மீனில் எடுத்த தரவைத் திரும்ப ஆராய்ந்து அங்கே டைமெதில் சல்ஃபைடு இருப்பதை 2024இல் சொன்னார்கள். வால்மீனில் பாசி கிடையாது. அதே வருடம் மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் கலந்த வாயுவில் புற ஊதா ஒளியைப் பாய்ச்சி ஆய்வுக்கூடத்திலேயே அதை உண்டாக்கிக் காட்டினார்கள். கே2-18பியில் சொல்லப்பட்ட அளவு பூமியில் இருப்பதைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு. அவ்வளவை உயிரில்லாமல் உண்டாக்க முடியுமா என்று மதுசூதன் குழு கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கோளின் அடிப்பகுதி கடலா, கொதிக்கும் பாறைக் குழம்பா, கெட்டியான வாயுவா என்பதே தீராமல் இருக்கும்போது, அங்கே எந்த வேதிவினை நடக்கும் எது நடக்காது என்று யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது.

ஆகவே உங்கள் நேரடிக் கேள்விக்கு என் பதில்: உயிர் இருக்கிறது என்பதற்கு இன்றைக்கு ஆதாரம் இல்லை. இல்லை என்பதற்கும் ஆதாரம் இல்லை. டைமெதில் சல்ஃபைடு கூட நிலைக்காது என்பதே என் கணிப்பு. மீத்தேன் நிலைக்கும்.

விஞ்ஞானிகள் ஏமாற்றினார்களா என்றும் கேட்டிருந்தீர்கள். இல்லை. கட்டுரை தன் வரம்பைச் சொல்கிறது. ஐந்து சிக்மாவை எட்ட இன்னும் 16 முதல் 24 மணி நேரம் தொலைநோக்கியில் பார்க்க வேண்டும் என்று அவர்களே கணக்குச் சொன்னார்கள். இதுவரை கிடைத்ததில் வலுவான 'குறிப்பு' என்ற அளவில்தான் பல்கலைக்கழக அறிவிப்பும் இருந்தது. ஆனால் அந்தக் கட்டத்தில் அவ்வளவு பெரிய அறிவிப்பு வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். மூன்று சிக்மாவுக்கு, அதுவும் பெயர் உறுதியாகாத வாயுவுக்கு, உயிர் என்ற சொல்லை முன்னால் நிறுத்தினால் படிப்பவர் மனதில் வேறு எதுவும் தங்காது என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அப்புறம் தலைப்பு எழுதியவர்கள் 'குறிப்பு' என்பதையும் வெட்டிவிட்டார்கள். குழுத்தலைவர் இந்தியாவில் பிறந்தவர், வாரணாசியில் படித்தவர் என்பதால் நம்மவர்களிடம் அது பெருமையோடும் சேர்ந்து சுற்றியது. அந்தப் பெருமையில் தப்பில்லை, ஆனால் பெருமைக்கு ஆய்வின் தரம் போதும், முடிவு சரியாக இருந்தாக வேண்டும் என்ற அவசியம் இல்லை.

உங்கள் மாமாவுக்குச் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. மறுப்பு வந்தாலே விஷயம் பொய் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 1995இல் மிஷெல் மேயரும் டிடியே கேலோவும் 51 பெகாசி என்ற விண்மீனுக்கு ஒரு கோள் இருப்பதாகச் சொன்னார்கள். வியாழன் அளவுக் கோள், நான்கே நாளில் ஒரு சுற்று. அப்படி ஒன்று இருக்க முடியும் என்று அதுவரை அநேகமாக யாரும் எதிர்பார்க்கவில்லை. 1997இல் டேவிட் கிரே என்பவர், கோளே கிடையாது, விண்மீன்தான் துடிக்கிறது என்று நேச்சர் இதழில் எழுதினார். ஒரு வருடத்தில் கூடுதல் தரவு எடுத்துப் பார்த்து, கோள்தான் என்று அவரே ஒப்புக்கொண்டார். மேயருக்கும் கேலோவுக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்னொரு பக்கம், 2020 செப்டம்பரில் வெள்ளி கோளில் பாஸ்பீன் என்ற வாயு, அது உயிரின் அடையாளமாக இருக்கலாம் என்று வந்த செய்தி. அளவுத்திருத்தத்தில் கோளாறு தெரிந்து, முதலில் சொன்ன நூறு கோடியில் 20 பங்கு பல மடங்கு இறங்கியது. பாஸ்பீன் விழுங்கும் அலைவரிசைக்கு ஒட்டியே கந்தக டை ஆக்சைடும் விழுங்குகிறது என்ற சிக்கல் வேறு. இன்றுவரை தீரவில்லை. இந்த இரண்டும் இரண்டு விதமாகப் போயின. மறுப்பு வந்த நாளில் எது எப்படிப் போகும் என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. உள்ளே இருப்பவர்களுக்கும் பல சமயம் தெரியாது.

வாட்ஸ்அப்பில் பகிராதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். நம் வீடுகளில் இந்தப் பேச்சே இல்லாமல் போவதைவிட, உங்களைப் போன்றவர் ஒருவர் ஆர்வமாகப் பேசுவது எவ்வளவோ மேல். குழுவில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் பகிரும்போது செய்தி எந்தப் படியில் நிற்கிறது என்பதையும் ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். 'ஒளியில் ஒரு வித்தியாசம் தெரிந்திருக்கிறது, அது இந்த வாயுவாக இருக்கலாம் என்கிறார்கள், இன்னும் ஒரே குழுதான் சொல்கிறது.' இந்த ஒரு வரி போட்டிருந்தால் மறுப்பு வந்த அன்று நீங்கள் தலைகுனிய வேண்டியதே இல்லை, கதையின் அடுத்த பாகம் என்று அதையும் பகிர்ந்திருப்பீர்கள்.

கட்டுரைகளைப் படிக்க எங்களால் முடியுமா என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். முழுதும் முடியாது, எனக்கும் பல பக்கங்கள் எட்டுவதில்லை. ஆனால் சுருக்கத்தைப் படிக்கலாம். அதில் ஆசிரியர்கள் 'இருக்கலாம்', 'மேலும் தரவு தேவை' என்று எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். பிறகு படங்களுக்குப் போங்கள். புள்ளிகளும், ஒவ்வொரு புள்ளிக்கும் மேலும் கீழும் பிழை அளவைக் காட்டும் குச்சிகளும், அவற்றின் ஊடே வண்ணக் கோடும் இருக்கும். கண்ணை இழுப்பது அந்த வண்ணக் கோடுதான், ஆனால் அது விஞ்ஞானிகள் கணக்கிட்டு வரைந்த கோடு, அளந்த தரவு இல்லை. விரலால் அதை மறைத்துக்கொண்டு புள்ளிகளை மட்டும் பாருங்கள். ஒரு அடிக்கோலைக் கிடையாக வைத்தால் பெரும்பாலான குச்சிகளை அது தொட்டுக்கொண்டு போகிறதா? போனால் பொறுத்திருங்கள் என்று பொருள். இது நிரூபணம் ஆகாது, கணக்குப் போடுபவர்களுக்கு இதைவிடக் கூர்மையான வழிகள் உண்டு, ஆனால் தலைப்பைவிட நிறையச் சொல்லும். 2025 ஏப்ரல் கட்டுரை ஆஸ்ட்ரோஃபிசிக்கல் ஜர்னல் லெட்டர்ஸ் இதழின் தளத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. அதன் நிறமாலைப் படத்திலிருந்தே தொடங்குங்கள்.